ஒரே தூள், ஒரே நிறை, வேறு வேறு சுவை: வீட்டு எஸ்பிரெசோ இயந்திரத்தின் வெப்பநிலைத் தளம்பலைக் கண்டறிதல்

காலையில் முதலில் எடுத்த எஸ்பிரெசோ புளிக்கிறது. அதே தூளை அதே நிறையில் இட்டு அரை மணிநேரத்தின் பின் விருந்தினருக்கு எடுத்துக் கொடுத்தது கசக்கிறது. மாலையில் எடுத்ததோ இரண்டுமற்றுச் சப்பென்று இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கோப்பிக் கடைகளில் எஸ்பிரெசோ குடித்துப் பழகி, பின்னர் வீட்டுக்கும் சிறிய இயந்திரமொன்றை வாங்கிய திருகோணமலை நண்பர்களிடமிருந்து நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. உடனே கோப்பிக்கொட்டையை மாற்றுவார்கள், அதன் பின் கிறைண்டரை மாற்ற நினைப்பார்கள். ஆனால் இவ்வாறான சுவை மாற்றத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தூளின் ஊடாகச் செல்லும் நீரின் வெப்பநிலைத் தளம்பலே. அந்தத் தளம்பல் கண்டபடி நிகழ்வதில்லை. அது எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்கைக் கண்டுகொண்டால் காரணத்தில் பாதி வெளிப்பட்டுவிடும். எனவே திருகாணிச்சாவியை எடுப்பதற்கு முன்னர் வெப்பமானியை எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

எஸ்பிரெசோவுக்கான நீர் ஏறத்தாழ 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் தூளைத் தொட வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. இத்தாலியின் தேசிய எஸ்பிரெசோ நிறுவனம் தனது சான்றிதழுக்கு இதைவிடச் சற்றுக் குறைவாக 88 பாகையை வைத்து, அதிலும் 2 பாகை கூடலாம் அல்லது குறையலாம் என்கிறது. கோப்பித்தூளில் உள்ள அமிலச் சுவைப் பொருட்கள் எளிதாகவும் முதலிலும் கரைந்துவிடும், இனிப்பும் கசப்பும் தரும் பொருட்கள் மெதுவாகவே வெளிவரும். இரண்டையும் தூண்டுவது வெப்பம் என்பதால், நீர் ஆறியிருந்தால் புளிப்பு மட்டும் மேலோங்கி நிற்கும், மிகவும் சூடாக இருந்தால் கருகிய கசப்பு ஏறிவிடும். இலேசாக வறுத்த கொட்டைக்கு அதிக வெப்பமும் கருமையாக வறுத்ததற்குக் குறைந்த வெப்பமும் பொருந்தும். ஆகவே 93 பாகைதான் சரி, 91 பிழை என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. எந்த எண்ணைத் தெரிவு செய்தாலும் அது நாளைக்கும் அதே எண்ணாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஆனால் வெப்பநிலையைச் சந்தேகிக்கும் முன் மற்றவற்றை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். 18 கிராம் தூள், அதிலிருந்து கோப்பையில் இறங்கும் 36 கிராம் கோப்பி, அதற்கு 25 முதல் 30 செக்கன் என்று ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு, தராசில் நிறுத்தே எடுங்கள். நேரம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் குறை அரைப்பிலோ தூளை அழுத்துவதிலோ இருக்கிறது. நேரமும் நிறையும் மாறாமல் சுவை மட்டும் மாறினால் தொடர்ந்து வாசியுங்கள்.

இயந்திரத்தின் வெப்பநிலை என்று ஒற்றை எண் எதுவும் இல்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளும் அருகருகே இருந்தும் ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறு என்பதை நாம் சிறு வயதிலேயே வாளியில் அள்ளிக் குளித்து அறிந்திருக்கிறோம். இயந்திரத்துக்குள்ளும் அப்படித்தான், நீரைச் சூடாக்கும் பாத்திரமான பொயிலரின் உலோகச் சுவருக்கு ஒரு சூடு, உள்ளிருக்கும் நீருக்கு ஒன்று, நீர் வெளிவரும் குறூப்ஹெட் என்னும் பித்தளைத் தலைக்கு ஒன்று, தூளைத் தாங்கும் போர்ட்டாபில்டருக்கு இன்னொன்று. நாம் குடிக்கும் கோப்பியைத் தீர்மானிப்பது இந்த வழி முழுவதையும் கடந்து தூளை அடையும் நீரின் சூடு. இயந்திரத்தின் முகப்பில் எரியும் விளக்கோ, சிலவற்றில் தெரியும் எண்ணோ, பொயிலர்ச் சுவரில் ஓரிடத்தில் உள்ள சூட்டை மட்டுமே சொல்கின்றன.

அந்தச் சூட்டை இயந்திரம் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது? மலிவான ஒற்றைப் பொயிலர் இயந்திரங்களில் இந்த வேலையைச் செய்வது ஒரு தெர்மோஸ்டற். மேல்மூடியைக் கழற்றினால், ஒரு நாணயத்தின் அளவில், இரண்டு மின்முனைகளுடன் பொயிலரின் மேல் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் வட்டமான சிறு பொருளைக் காணலாம். அதன் மேல் 100 அல்லது 107 பாகை என்பது போன்ற ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே, சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்கள் சேர்ந்த மெல்லிய தகடு உள்ளது. குறித்த சூடு வந்ததும் தகடு 'டிக்' என்று வளைந்து ஹீற்றருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் நிமிர்ந்து இணைக்கும். துண்டிக்கும் சூடும் இணைக்கும் சூடும் ஒன்றல்ல, இடையில் 10 பாகைக்கும் மேற்பட்ட இடைவெளி இருக்கலாம். மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னும் ஹீற்றரில் எஞ்சிய சூடு நீரை மேலும் ஏற்றும்; இணைக்கப்பட்ட பின்னும் சில செக்கன்களுக்கு நீர் ஆறிக்கொண்டே போகும். ஆகவே பொயிலரின் வெப்பநிலை எப்போதும் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தும் கணம் அந்த ஏற்றத்தில் விழுகிறதா இறக்கத்தில் விழுகிறதா என்பதே கோப்பியின் சுவையைத் தீர்மானிக்கிறது. இது பழுது அன்று, இயந்திரத்தின் இயல்பே அவ்வளவுதான்.

சிறிய பொயிலருக்கு இன்னுமொரு இடர் உண்டு. 100 மில்லிலீற்றர் கொள்ளும் பொயிலரில் 95 பாகையில் நீர் இருக்கிறது என்று கொள்வோம். 40 மில்லிலீற்றர் வெளியேறும்போது தாங்கியிலிருந்து 30 பாகை நீர் அதே அளவு உள்ளே வரும். ஹீற்றர் எதுவும் செய்யாமல் இரண்டும் முழுமையாகக் கலந்தால் கலவையின் சூடு 69 பாகைக்கு இறங்கிவிடும். 300 மில்லிலீற்றர்ப் பொயிலராக இருந்தால் அது 86 அளவில் நிற்கும். நடைமுறையில் பொயிலரின் உலோகம் தன் சூட்டைக் கொடுப்பதாலும், குளிர்நீர் அடியில் தங்குவதாலும், ஹீற்றர் இயங்குவதாலும் வீழ்ச்சி இவ்வளவு மோசமாக இராது. எனினும் ஒரே கோப்பைக்குள்ளேயே தொடக்கத் துளிக்கும் கடைசித் துளிக்கும் பல பாகை வேறுபாடு ஏன் வருகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

இனி அளவிடுவது. தேவையானவை நீண்ட முனையுள்ள ஓர் இலத்திரனியல் வெப்பமானி, ஒரு ரெஜிபோம் (நுரைபிளாஸ்டிக்) குவளை, எண்களைக் குறிக்க ஒரு கொப்பி. வெப்பமானி சரியா என்று பார்ப்பதில் திருகோணமலையாருக்கு ஒரு வசதி இருக்கிறது: நாம் கடல்மட்டத்தில் இருப்பதால் இங்கு நீர் கொதிப்பது 100 பாகையில். பானையில் நன்றாகக் கொதிக்கும் நீரில், அடியைத் தொடாமல் முனையைப் பிடியுங்கள். வெப்பமானி 98 என்று காட்டினால் இனிவரும் எல்லா வாசிப்புகளுடனும் 2 ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்குள்ள உறவினருக்கு இந்தச் சோதனையை அப்படியே சொல்லிக் கொடுக்காதீர்கள்.

போர்ட்டாபில்டரைக் கழற்றிவிட்டு, குவளையைக் குறூப்ஹெட்டுக்கு நெருக்கமாகப் பிடித்து 60 மில்லிலீற்றர் நீரை விழவிடுங்கள். முனை நீரில் மூழ்கியதும் காட்டும் உச்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தூள் தடுக்காததால் நீர் வேகமாக வரும், வழியில் காற்றிலும் சூட்டை இழக்கும். ஆகவே இந்த எண் உண்மையான காய்ச்சும் சூட்டைவிடக் குறைவாகவே இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது எண்களுக்கிடையிலான வேறுபாடு. தயார்விளக்கு எரிந்த உடனே ஒன்று, பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணிநேரம் கழித்து ஒவ்வொன்று, பிறகு ஒரு நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து மூன்று, பால் நுரைத்த பின் ஒன்று, மாலை ஏழு மணியளவில் மீண்டும் இவை அனைத்தும் என்று எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஹீற்றர் விளக்கு அப்போது எரிந்ததா அணைந்ததா என்பதையும் எழுதுங்கள். நீர் வரும்போது சீறிக்கொண்டு ஆவி தெறித்தால் பொயிலர் 100 பாகையைத் தாண்டிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

கொப்பியில் உள்ள எண்கள் முதல் அரை மணிநேரத்தில் படிப்படியாக ஏறிப் பின்னர் நிலைகொண்டால், இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை, நீங்கள் அவசரப்படுகிறீர்கள். விளக்கு சில நிமிடங்களில் தயார் என்று சொல்லிவிடும், ஏனெனில் அது பொயிலரை மட்டுமே அறியும். கனமான பித்தளைத் தலைக்கும் போர்ட்டாபில்டருக்கும் சூடு சென்று சேர நேரம் வேண்டும். 1961 இல் இத்தாலியின் ஃபேமா நிறுவனம் அறிமுகப்படுத்திய, இன்றும் பல இயந்திரங்களில் பின்பற்றப்படும் ஈ61 வகைத் தலை பல கிலோ எடையுள்ள பித்தளை. அது சூடேற அரை மணிநேரத்துக்கு மேலும் ஆகலாம். போர்ட்டாபில்டரை எப்போதும் தலையில் பொருத்தியே வைத்திருங்கள். கோப்பி எடுக்கும் முன் வெறும் நீரை ஒரு கோப்பை அளவு ஓடவிடுங்கள். நம்மூருக்கே உரிய ஒரு காரணத்தையும் இங்கு சொல்ல வேண்டும். கச்சான் என்னும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சமையலறையிலும் மின்விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். அதன் காற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குறூப்ஹெட்டின் மேல் நேராகப் பட்டால், அறை எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் 90 பாகை உலோகத்துக்கு அது குளிர்காற்றுதான். விசிறியின் திசையை மாற்றியபின் எண்கள் நிலைகொண்ட வீட்டை எனக்குத் தெரியும்.

எண்கள் ஏறியும் இறங்கியும் வந்து, ஹீற்றர் விளக்கின் நிலையோடு அவை ஒத்துப்போனால், மேலே சொன்ன தெர்மோஸ்டற்றின் இடைவெளியே காரணம். இதற்குச் செலவில்லாத வழி ஒன்றுண்டு. ஹீற்றர் விளக்கு எரியத் தொடங்கும்வரை சிறிது நீரை ஓடவிட்டு நிறுத்துங்கள். விளக்கு அணையும்வரை பொறுங்கள். அணைந்த கணத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட நேரம், எடுத்துக்காட்டாக 30 செக்கன், எண்ணிய பின் கோப்பியை எடுங்கள். புளித்தால் எண்ணும் நேரத்தைக் குறைத்தும் கசந்தால் கூட்டியும் உங்கள் இயந்திரத்துக்குரிய எண்ணைக் கண்டடையலாம். ஏற்ற இறக்கம் இருந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் ஒரே புள்ளியில் நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள். இதைப் பொறுமையாகச் செய்பவர்களின் கோப்பி, விலையுயர்ந்த இயந்திரத்தின் கோப்பிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

பால் நுரைத்த பின் எடுத்தது மட்டும் கசந்தால் காரணம் வெளிப்படை: ஆவிக்காகப் பொயிலர் 120 பாகைக்கும் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. ஆவி அடங்கிச் சீரான நீர் வரும்வரை ஓடவிட்டுப் பொயிலரை நிரப்புங்கள், அல்லது கோப்பியை முதலில் எடுத்துவிட்டுப் பாலைப் பிறகு நுரையுங்கள். ஹீற் எக்ஸ்சேஞ்சர் வகை இயந்திரங்களில், அதாவது கோப்பிக்கான நீர் ஆவிப் பொயிலரின் நடுவே செல்லும் குழாயில் சூடேறும் வகையில், நெடுநேரம் சும்மா இருந்தபின் எடுக்கும் முதற் கோப்பைதான் கசக்கும். குழாயில் தேங்கிய நீர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதே காரணம். சீற்றம் நிற்கும்வரை நீரை ஓடவிட்டபின் எடுப்பதே அதற்கான முறை.

அடுத்தடுத்து எடுத்த மூன்றும் படிப்படியாகக் குறைந்து, மாலையில் அந்தக் குறைவு மேலும் மோசமானால் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் சமையலும் சேரும் மாலை வேளையில், மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள வீடுகளில் அது இறங்கிவிடுவதுண்டு. ஹீற்றரின் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறும் என்பதால், 200 வோல்ற்றுக்கு இறங்கினால் 1000 வாற் ஹீற்றர் 756 வாற்றுக்கே வேலை செய்யும். மின்னழுத்தத்தில் போனது 13 வீதம், வலுவில் போனது ஏறத்தாழ கால் பங்கு. 60 மில்லிலீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 93 பாகைக்கு ஏற்ற முழு வலுவில் 16 செக்கன் போதும், குறைந்த வலுவில் 21 செக்கன் தேவைப்படும். அந்த வேளையில் கோப்பைகளுக்கிடையே கூடுதலாகச் சில நிமிடங்கள் இடைவெளி விடுங்கள். மெல்லிய எக்ஸ்ரென்சன் வயரில் இயந்திரத்தைப் பொருத்தியிருந்தால், நேரடியாகச் சுவரிலுள்ள 13 அம்பியர்ச் செருகிக்கு மாற்றுங்கள். கழற்றியபின் பிளக் கைக்குச் சுட்டால், பொயிலருக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி அங்கேயே வீணாகிறது, அது ஆபத்தும்கூட.

கனடாவிலுள்ள பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த இயந்திரமாயின் அது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. நேரடியாக நமது செருகியில் பொருத்தினால் ஹீற்றர் மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட வலுவை இழுத்து எரிந்துவிடும். வலுக் குறைந்த மின்மாற்றியோடு இயக்கினால் ஹீற்றர் இயங்கும்போதெல்லாம் மின்னழுத்தம் சரியும். சரியான மின்மாற்றி இருந்தாலும் ஹேர்ட்ஸ் மாறாது. இவற்றிலுள்ள அதிர்வுப் பம்ப் மின்சாரத்தின் ஒவ்வொரு அலைக்கும் ஒருமுறை அடிக்கும் என்பதால் செக்கனுக்கு 60 இடத்தில் 50 முறையே அடித்து நீரைக் குறைவாகத் தள்ளும். பொயிலர் இன்றி, உலோகக் கட்டியொன்றின் ஊடான ஒடுங்கிய வழியில் நீரை ஓடஓடச் சூடாக்கும் தெர்மோபுளொக் வகையில், நீரின் வேகம் மாறினால் சூடும் மாறும்.

மாதக்கணக்கில் மெதுவாகப் பிறழ்ந்து வந்த தளம்பலே நமது பகுதியில் நான் அதிகம் காண்பது, அதற்கு முதற்காரணம் நீர். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்நீரை விட்டுக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில், கேத்திலின் அடியைப் பாருங்கள்; வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதே படிவு பொயிலருக்குள்ளும் இருக்கிறது. அது ஹீற்றரிலிருந்து நீருக்குச் சூடு போவதைத் தடுக்கிறது, தெர்மோபுளொக்கின் ஒடுங்கிய வழியை மேலும் ஒடுக்குகிறது, நீரைத் தொடும் சென்சரின் மேல் படிந்தால் அது சூட்டைப் பிந்தியே உணர்ந்து பொயிலரை அளவுக்கு மீறி ஏறவிடுகிறது. உற்பத்தியாளர் அனுமதித்தால் சிட்ரிக் அமிலக் கரைசலால் படிவை நீக்கலாம். அலுமினியப் பொயிலரில் சொல்லப்பட்ட நேரத்துக்கு மேல் அமிலத்தை வைத்திருக்கக் கூடாது, பின்னர் நல்ல நீரைத் தாராளமாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும். இதற்கு அஞ்சி முற்றிலும் உப்பு நீக்கப்பட்ட நீரை மட்டும் ஊற்றுவதும் சரியன்று. அது உலோகத்தை அரிக்கக்கூடும். நீரின் மின்கடத்துதிறனைக் கொண்டு மட்டத்தை அறியும் இயந்திரங்கள் அத்தகைய நீரை உணரவே மாட்டா. சுத்திகரித்த நீரோடு சிறிது குழாய்நீரைக் கலப்பது நல்ல நடுவழி.

இரண்டாவது காரணம் கடற்காற்று. உட்பகுதியைத் திறந்து பார்ப்பதாயின் பிளக்கைக் கழற்றி, இயந்திரம் முழுமையாக ஆறிய பின்னரே திறக்க வேண்டும். மின்வேலை பழகாதவர் திருத்துநரை அழைப்பதே முறை. ஹீற்றரின் முனைகளில் செருகப்பட்டுள்ள தட்டையான பித்தளைக் கவ்விகளைக் கவனியுங்கள். கரையோர வீடுகளில் அவற்றின் மடிப்புகளில் பச்சைப் பொடி படர்ந்திருக்கும், சிலவற்றில் வயரின் உறை கருகிப் பழுப்பேறியிருக்கும். அந்தத் தளர்ந்த, அரித்த இணைப்பு ஹீற்றருக்கு ஒருநேரம் மின்சாரத்தை முழுதாக விடும், ஒருநேரம் விடாது. எந்த ஒழுங்குக்கும் அடங்காத எண்கள் கொப்பியில் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். தெர்மோஸ்டற்றின் அடியில் பூசப்பட்ட வெள்ளைப் பசை காய்ந்து தூளாகியிருந்தால் அதைத் துடைத்துப் புதிதாக மெல்லப் பூசித் திருகாணிகளை இறுக்க வேண்டும்; இடையில் காற்று புகுந்தால் தெர்மோஸ்டற் பொயிலரின் சூட்டைக் குறைவாகவே உணரும். அதிசூட்டில் மின்சாரத்தை அறுக்கும் பாதுகாப்பு உருகியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் வயரால் இணைத்துக் கடந்துவிடாதீர்கள்.

பி.ஐ.டி. எனப்படும் இலத்திரனியல் கட்டுப்பாட்டைப் பொருத்தலாமா என்ற கேள்விக்கான இடம் இவை எல்லாவற்றுக்கும் பின்னர்தான். அது சூடு இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, எவ்வளவு நேரமாக விலகியிருக்கிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற மூன்றையும் கணக்கிட்டு, ஹீற்றரைச் சிறு துடிப்புகளாக இயக்கி, பொயிலரின் ஏற்ற இறக்கத்தை ஓரிரு பாகைக்குள் அடக்கிவிடும். தெர்மோஸ்டற்றின் இடைவெளியே உங்கள் குறையாக இருந்தால் அதைவிடச் சிறந்த மாற்றம் இல்லை. குளிர்ந்த குறூப்ஹெட்டையோ சுண்ணாம்புப் படிவையோ குறைந்த மின்னழுத்தத்தையோ அது தீர்க்காது. பொருத்தியபின் திரையில் தெரியும் எண்ணைத் தூளைத் தொடும் சூடு என்று கொள்ளாமல், அதே ரெஜிபோம் குவளையில், அதே 60 மில்லிலீற்றரில், காலையிலும் மாலையிலும் மீண்டும் அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். திருத்துநரிடம் கொடுப்பதாயினும் அந்தப் பக்கத்தையே சேர்த்துக் கொடுங்கள்.